நாங்கள் மூவரும் வானத்தில் இருந்தபோது

1

நான் வேலை பார்க்கும் பாடசாலை அலுவலகத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இருக்கிறார். ஓய்வு பெற்றதும் கணவனோடு இலங்கைக்குச் சுற்றுலா போகப் போகிறாராம். போன கிழமை மதியச் சாப்பாட்டு மேசையில் கைபேசியை எடுத்து, மெல்பேர்னிலிருந்து கண்டிக்கு எவ்வளவு தூரம் என்று தேடினார். ஏதோ ஓர் இணையத்தளம் உடனே பதில் சொன்னது. எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர், பறக்கும் நேரம் பத்து மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. பக்கத்தில் ஓர் உலகப் படமும், அதில் மெல்பேர்னிலிருந்து கண்டிவரை வளைந்து போகும் ஒரு கோடும்.

"அவ்வளவுதானா? பக்கம்தான்!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கண்டியில் எந்த விமானம் போய் இறங்குகிறது? அந்தக் கோடு எங்கே போய் முடிகிறதாம், வாவிக்குள்ளா? கட்டுநாயக்காவில் இறங்கி, பெட்டி வரும்வரை காத்துக்கிடந்து, வேன் பிடித்து, லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து மலையேறும் நேரத்தையெல்லாம் அந்தத் தளம் எந்தக் கணக்கில் எழுதும்? சிரித்துவைத்தேன். இந்த நாட்டில் பதினெட்டு வருடமாக நான் நன்றாகப் பழகிக்கொண்ட ஒரே காரியம் அதுதான்.

எங்கள் ஆட்கள் கூடும் விருந்துகளிலும் இதே பேச்சுத்தான். யார் நேரடி விமானத்தில் போனார்கள், யார் டுபாயில் எத்தனை மணித்தியாலம் கிடந்தார்கள், எந்த விமானத்தில் புரியாணி நன்றாக இருந்தது. புறப்படும் நேரம், வந்துசேரும் நேரம், மாறும் இடம் என்று எல்லாவற்றையும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அடுத்த மூச்சில், "என்ன செய்ய, ஊர் சரியான தூரம்" என்று ஒரு பெருமூச்சு விடுவார்கள். அதைக் கேட்டாலே இப்போது நான் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுகிறேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து "தூரம்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். அந்தத் தூரம் எப்படி நீளும், எப்படிச் சுருங்கும் என்பதைச் சென்ற வருடம் என் கண்ணாலேயே பார்த்தேன்.

2

எங்கள் ஊர் கலகெதர. கண்டியிலிருந்து குருநாகல் போகும் வீதியில், பஸ் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி வாப்பாவின் ஹார்ட்வெயார் கடை இருந்தது. ஆணி, கம்பி, பெயின்ட், தகரம். கடைக்குப் பின்னால் மேட்டில் வீடு. அந்தக் கடைதான் எங்கள் மூன்று பேரையும் படிக்கவைத்து விமானம் ஏற்றியது. பெரியவர் நியாஸ் நாநா லண்டனில் கணக்காளர். தம்பி ரிஸ்வி டொரண்டோவில் கம்பியூட்டர் வேலை. நடுவில் நான். கல்யாணம் முடித்து மெல்பேர்ன் வந்தவள். உம்மா இருக்கும்வரை நாங்கள் வருடத்துக்கு ஒருவர், இரண்டு வருடத்துக்கு ஒருவர் என்று முறைவைத்துப் போய்வந்தோம். உம்மா மவுத்தானபின் வாப்பா கடையைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் தனியாக இருந்தார்.

அப்போது நாங்கள் மூன்று பேரும் கூடி ஒரு மகா யோசனை செய்தோம். வாப்பாவைச் சுற்றுக்கு விடுவது. விசா எவ்வளவு காலம் தருகிறார்களோ அவ்வளவு காலம் ஒரு பிள்ளையிடம், பிறகு அடுத்த பிள்ளையிடம். வட்ஸ்அப்பில் 'எங்கள் குடும்பம்' என்று ஒரு குழு இருந்தது. அதில் நாநா ஒரு அட்டவணை போட்டு அனுப்பினார். எல்லோரும் பெருவிரலை உயர்த்தினோம். வாப்பாவும் உயர்த்தினார். அவருக்கு அந்தப் படம் ஒன்றுதான் அனுப்பத் தெரியும்.

விசா நிலையத்தில் விரல் ரேகை எடுக்கும் இயந்திரத்துக்கு வாப்பாவின் விரல்களைப் பிடிக்கவில்லை. ஆயுள் முழுக்க ஆணி நிறுத்துக்கொடுத்த கை, ரேகை தேய்ந்து வழுவழுவென்று கிடந்தது. துடைக்கச் சொன்னார்கள். ஈரமாக்கச் சொன்னார்கள். அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கடைசியில் எழுந்துவந்து, அவர் விரலைப் பிடித்துத் தானே அழுத்தினாளாம். "இது என்ட வெரல் எண்டு அந்த மிஷின் நம்பல்ல மகள்" என்று வாப்பா டெலிபோனில் சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

விமானத்தில் வயதான மனிதர் படும்பாட்டை எழுத எனக்கே அருவருப்பாக இருக்கிறது. பாதுகாப்புச் சோதனையில் இடுப்புப் பட்டியைக் கழற்றவைப்பார்கள். ஒரு கையில் சப்பாத்து, மறு கையில் நழுவும் கால்சட்டை. அந்தச் சின்னக் கழிவறையில் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூ செய்யப் போய்த் தரையெல்லாம் தண்ணீராகிவிட, பணிப்பெண் எல்லோருக்கும் முன்னால் அவரைக் கண்டித்தாளாம். அதன்பிறகு பயணம் முழுக்கத் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். கால் வீங்கி, உதடு வெடித்து வந்து இறங்கினார். நான் பூச்செண்டோடு போய் நின்றேன். பூச்செண்டு!

மெல்பேர்னில் நானும் கணவரும் காலையில் வேலைக்குப் போய்விடுவோம். மகள் ஆயிஷா கல்லூரிக்கு. எங்கள் பக்கத்தில் பாட்டனாரை 'அப்பா' என்றுதான் கூப்பிடுவது. அவள் "அப்பா, ஹாய்" என்பாள், "அப்பா, பாய்" என்பாள். நடுவில் அவளுக்குத் தமிழ் இல்லை. வாப்பா ஜன்னலருகே கதிரை போட்டு உட்கார்ந்து, எங்கள் வீதியில் மனிதர்கள் ஏன் நடப்பதில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பேச்சுத்துணைக்கு முன்வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். அந்த வீட்டுக்காரர் பதறிப்போய் எனக்கு அழைத்தார். நான் வாப்பாவை ஏசினேன். இங்கே அப்படி எல்லாம் தட்டக் கூடாது, முதலில் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று விளக்கினேன். "கதவத் தட்டுறதே கேக்கிறதுக்குத்தானே மகள்?" என்றார். ஆனாலும் இனிமேல் தட்ட வேண்டாம் என்று சொல்லிவைத்தேன்.

லண்டனில் நாநா வீட்டில் ஹீட்டரைத் தொடக் கூடாது. டொரண்டோவில் பனி, வாசலைத் தாண்ட முடியாது. இரண்டு சுற்று முடிந்ததும் வாப்பா கலகெதர வீட்டில் போய் உட்கார்ந்தார். இனி வரமாட்டேன் என்று சண்டை பிடிக்கவில்லை. அடுத்த அட்டவணைக்குப் பெருவிரல் உயரவில்லை, அவ்வளவுதான். நாங்களும் மேலே கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், மூன்று வீட்டிலும் அப்பாடா என்றுதான் இருந்தது.

3

பிறகு வாப்பா குளியலறையில் விழுந்தார்.

விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு வுளூ செய்யப் போனவர். கதவு உள்ளே பூட்டியிருந்தது. கைபேசி கட்டிலில். வெயில் ஏறியும் முன்கதவு திறக்காததைப் பார்த்து எதிர்ப்பக்கத்துப் பாமசிக்காரர் சமன் ஏறிவந்து, பின்பக்க ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுப் பார்த்து, கதவை உடைத்து, தன் வாகனத்திலேயே கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இடுப்பெலும்பில் வெடிப்பு.

எங்கள் குழுவில் அன்று நடந்த உரையாடலை நான் அழிக்கவில்லை. இப்போதும் இருக்கிறது.

"லண்டனும் மெல்பேர்னும் கண்டிக்குக் கிட்டத்தட்ட ஒரே தூரந்தான், இப்பத்தான் பார்த்தேன்" என்று நாநா எழுதினார். "ஆனா ஆம்புளப் புள்ள போறத விட மகள் போனாத்தான் கவனிக்க லேசு."

"இங்க டேர்ம் நடுவுல. லீவு தரமாட்டாங்க" என்று நான்.

"எனக்குப் போய்ச் சேரவே ரெண்டு நாள். போய் என்ன செய்ற? நான் துஆ செய்றேன்" என்று தம்பி. கீழே ஏந்திய கைகளின் படம் மூன்று.

கடைசியில் மூன்று பேரும் சேர்ந்து பணம் அனுப்பி ஓர் ஆளை அமர்த்தினோம். அவன் பாதி நாள் வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வாப்பாவுக்கு உண்மையில் சோறு கொண்டுவந்து கொடுத்தவர் பக்கத்துக் கட்டில்காரரின் தங்கை. தெல்தெனியவிலிருந்து இரண்டு பஸ் மாறி, தன் அண்ணனுக்கு ஒரு பார்சல், வாப்பாவுக்கு ஒரு பார்சல் என்று கொண்டுவருவாராம். இதை வாப்பா டெலிபோனில் சொன்னபோது, "நல்ல மனிசி, அல்லாஹ் கூலி கொடுக்கட்டும்" என்றேன். அத்தோடு என் கடமை முடிந்துவிட்டது என்றும் நினைத்துக்கொண்டேன்.

4

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வருடம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வாப்பா குழுவில் ஒரு குரல் பதிவு போட்டார். அவருக்கு அது எப்படிச் செய்வதென்று யார் காட்டிக்கொடுத்தார்களோ தெரியாது.

"மகன்மார், மகள். நான் ஒரு கலியாணம் முடிக்க நெனச்சீக்கிறேன். தெல்தெனியப் பக்கம், ஹாஜரா டீச்சர். ஆஸ்பத்திரில சோறு தந்தவங்க. புருசன் மவுத்தாகிக் கன காலம். எனக்கு இனி ஏரோப்ளேன்ல சுத்த ஏலாது. தனியக் கெடக்கவும் ஏலாது. இன்னொருக்கா வுழுந்தா கூப்புட்ட கொரலுக்கு ஒரு ஆள் வேணும். வேற ஒண்டும் இல்ல. துஆ செய்ங்க."

வேற ஒண்டும் இல்லையாம். ஆனால் எங்கள் மூன்று வீட்டிலும் தீப்பிடித்தது. எழுபத்து மூன்று வயதில் கல்யாணமா, ஊர் சிரிக்காதா, உம்மாவின் கட்டிலில் இன்னொருத்தியா? எனக்கு முதலில் வந்ததும் அருவருப்புத்தான். உம்மாவின் அலுமாரியில் வேறொருத்தியின் உடுப்பு தொங்குவதை நினைத்தேன், உடம்பு கூசியது. நாநாவுக்கு வேறு கூச்சம். "வூடும் காணியும் யாருக்குப் போகும்? அத யோசிச்சீங்களா?" என்று எழுதினார். வீதியோரக் காணியின் விலை இப்போது என்ன என்று தம்பிக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. உம்மா மவுத்தானபின் ஊர்ப் பக்கம் எட்டிப்பார்க்காதவனுக்கு அது மட்டும் எப்படித் தெரிந்ததோ!

ஆயிஷாவிடம் சொன்னேன். அவள் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்பாவுக்கு ஆள் கிடைச்சிட்டாங்களா? நல்லம்தானே. நீங்க ஏன் அழுறீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இந்தப் பிள்ளைக்கு எங்கள் ஊர் மானம் மரியாதை ஒன்றும் தெரியாமல் போயிற்றே என்று அவள்மேலும் கோபம் வந்தது.

இனித்தான் அதிசயம். விழுந்து கிடந்த வாப்பாவைப் பார்க்க ஒருவருக்கும் கிடைக்காத லீவு, கல்யாணத்தை நிறுத்த மூன்று பேருக்கும் கிடைத்தது. டேர்ம் நடுவில்தான். பாடசாலை அதிபர் முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்டார். இரண்டு நாள் எடுக்கும் என்ற டொரண்டோவுக்கு, பார்த்தால், ஒரே இடத்தில் மாறும் நல்ல விமானம் இருக்கிறது. எனக்கு நேரடி விமானத்தில் இடம் இல்லை, சிங்கப்பூர் வழியாகப் போட்டேன். மூன்று பேரும் ஒரே காலையில் கட்டுநாயக்காவில் இறங்கும்படி நாநா நேரம் பார்த்து அடுக்கினார். பயணச்சீட்டுகளைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார். கீழே, "வாப்பா, நாங்க வாரோம். நாங்க வந்து பேசும் வரைக்கும் ஒண்டும் செய்ய வாணாம்."

வாப்பாவிடமிருந்து பெருவிரல் உயர்ந்தது. "பயந்துட்டார்" என்று தம்பி எனக்குத் தனியாக எழுதினான்.

எங்கள் கல்யாணங்களுக்கு மண்டபம் பிடிக்க ஒரு வருடம், அழைப்பிதழ் அடிக்க ஒரு மாதம், உடுப்பு எடுக்கச் சிங்கப்பூர், சென்னை என்று அலைந்தவர்கள் நாங்கள். கல்யாணம் என்றால் அப்படித்தான் என்று ஊரை மறந்த புத்தி முடிவு செய்துவிட்டது. பெண் சார்பில் பொறுப்பு நிற்கும் வலி, இரண்டு சாட்சி, கல்யாணக் காவின் எழுதும் பதிவாளர், மாப்பிள்ளை கொடுக்கும் மஹர். ஒரு பிளேன்டீ ஆறும் நேரத்தில் முடிகிற காரியம் என்பது எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

5

பதினெட்டு வருடத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக ஒரு வாகனத்தில் ஏறியது அன்றுதான். உம்மா மவுத்தானபோதுகூட ஒவ்வொருவராகத்தான் வந்துசேர்ந்தோம். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டோம். மூன்று பேரிலும் விமானத்தின் பழைய காற்று மணத்தது. வேன் நீர்கொழும்பு வீதியைத் தாண்டுமுன்னே நாநா காணி உறுதிப் பத்திரத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்.

"வாப்பாட பேர்லதான் இன்னும் ஈக்கி. அவ பேருக்கு ஒரு கையெழுத்துப் போட்டாரெண்டா நாங்க மூணு பேரும் நடுத்தெரு."

லண்டனில் சொந்த வீடும், வாடகைக்கு விட்ட இன்னொரு வீடும் உள்ள மனிதர் நடுத்தெருவைப் பற்றிப் பேசினார். தம்பி தலையாட்டினான். "டீச்சர்மாருக்கு எல்லாம் தெரியும் நாநா. ஆஸ்பத்திரில சோறு குடுத்ததே கணக்குப் பாத்துத்தான்."

"அந்தச் சோத்த நீ குடுத்தீந்தா அவ வந்தீக்க மாட்டா" என்று நான் சொன்னேன். அதுவரை அவர்களோடு ஒத்துத்தான் வந்தேன். ஆனால் அந்த வாயும் அந்தச் சிரிப்பும் பார்க்கச் சகிக்கவில்லை. பிறகு குருநாகல் தாண்டும்வரை தம்பி கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தான். வேன்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

கலகெதர வீடு பூட்டியிருந்தது. வாசல் கூட்டியிருந்தது. பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தோம், கதவைத் தட்டினோம், கைபேசிக்கு அடித்தோம். சத்தம் கேட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து பாமசிக்காரர் சமன் வந்தார். வாப்பாவோடு பழகி அரைகுறைத் தமிழ் அவருக்கு வரும்.

"ஹாஜியார் இல்ல. தெல்தெனிய போனது" என்றார். முகம் நிறையச் சிரிப்பு. "நேத்து ராத்திரி கல்யாணம்தானே. நானும் போனது. ஹாஜியார்தான் மனமாலயா!"

மணமகனுக்குச் சிங்களத்தில் அதுதான் சொல். எழுபத்து மூன்று வயது மனமாலயா. நாநாவின் முகத்தில் ஈயாடவில்லை. தம்பி, "எத்தன மணிக்கு?" என்று கேட்டான், அது எதற்கென்று அவனுக்கே தெரிந்திருக்காது. இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு என்றார் சமன். நான் மனதுக்குள் நேரத்தை மாற்றிப் பார்த்தேன். அப்போது நான் கடலுக்கு மேல். நாநா எங்கோ பாலைவனத்துக்கு மேல். தம்பியும் வானத்தில்தான். மூன்று பேரின் கைபேசியும் செத்துக் கிடந்த நேரம்.

சமன் எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "நீங்க தெரியாதா?" என்றார்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளைப் பக்கமாகப் போனால் தெல்தெனியவுக்கு நேரே விழலாம். ஆனால் நாநாவுக்குக் கண்டி நகருக்குள் ஒரு சட்டத்தரணியைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். போனோம். பாடசாலைகள் விடும் நேரம். வேன்களும் பஸ்களும் முச்சக்கரவண்டிகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத குறை. எட்டாயிரம் கிலோமீற்றரை ஒரு தூக்கத்தில் கடந்து வந்தவர்கள், வாவியோரத்தில் ஒரு கூப்பிடு தூரத்தைக் கடக்க முடியாமல் வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். டீசல் புகை. நாநாவின் ஏச்சு. தம்பிக்கு வாந்தி வந்து, கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினான். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். சட்டத்தரணி அன்று வழக்குக்காக வேறு ஊருக்குப் போயிருந்தார்.

6

ஹாஜரா டீச்சரின் வீடு தெல்தெனிய நகரத்துக்கு மேலே, நீர்த்தேக்கம் தெரியும் சரிவில் இருந்தது. வாப்பா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். புதுச் சாரம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட். கன்னம் கொஞ்சம் சதைபிடித்திருந்தது. என் வீட்டு ஜன்னலருகே உட்கார்ந்திருந்த மனிதரா இவர் என்று இருந்தது.

"வாங்க, வாங்க. பயணம் நல்லமா? முகம் கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆயித்தம்" என்றார்.

நாநா வாசலிலேயே நின்றார். "வாப்பா, நாங்க வரும் வரைக்கும் ஒண்டும் செய்ய வாணாமெண்டு செல்லினோமே."

"ஓ, செல்லின. டிக்கட்டெல்லாம் குரூப்புல போட்டீங்களே, மகன். பாத்தேன். எத்தன தரம் இந்தப் பிளேன்கள்ல ஏத்தி எறக்கினீங்க? எங்க ஏறி எங்க மாறுறெண்டு எனக்குப் பாடம். மூணு பேரும் ஆகாயத்துல ஈக்கிய நேரம் எதுண்டு பாத்து, பள்ளி ஹஸ்ரத்துக்கும் பதிவாளருக்கும் அந்த நேரத்த செல்லின. டெலிபோன் அடிச்சி ஏசுறத்துக்கு ஒத்தருக்கும் ஏலாதே."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். விசா எடுத்த நாளிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு.

"நாங்க எவ்வளவு தூரத்துல ஈந்து வந்தீக்கிறோம்..." என்று நாநா குரலை உயர்த்தினார்.

"நான் குளிக்கிய அறைல வுழுந்து கெடந்த நேரமும் இதே தூரந்தானே, மகன்?"

வாப்பா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கடையில் ஒருவருக்கு விலை சொல்வதுபோல், சாதாரணமாகச் சொன்னார்.

அப்போதுதான் டீச்சர் வெளியே வந்தார். உயரமான, மெலிந்த மனிசி. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், வகுப்புக்குப் பிந்தி வந்த பிள்ளைகளைப் பார்ப்பதுபோல. குழைவோ பயமோ இல்லை.

"நான் ஒங்கட உம்மாட எடத்துக்கு வரல்ல" என்றார். "அவங்கட சாமானெல்லாம் அந்த வூட்டுல அப்படியே ஈக்கி, நான் ஒண்டையும் தொடல்ல. இது என்ட வூடு. இவர் இங்கதான் ஈப்பார். மத்தத நீங்க பேசிக்கொள்ளுங்க. சோறும் ஆணமும் ஆறுது."

வாப்பா சேர்ட் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கதிரைக்குப் பக்கத்திலிருந்த சின்ன மேசையில் வைத்தார். கலகெதர வீட்டுச் சாவி. "வந்தது இதுக்கெண்டா எடுத்துக்கொள்ளுங்க. எழுதுற வேலய நாளைக்கிப் பாப்போம்."

யாராவது ஒருவர் 'வேண்டாம் வாப்பா' என்று சொல்வோம் என்று காத்திருந்தேன். நானாவது சொல்லியிருக்கலாம். தம்பி கையை நீட்டிச் சாவியை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். போட்டுவிட்டு, பையை வெளியே ஒருமுறை தட்டிப் பார்த்தான். என் வாழ்நாளில் எத்தனையோ அசிங்கங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தட்டலைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை.

நாநா சாப்பிடவில்லை. வாவிக்கரை ஹோட்டலில் அறை போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். தம்பியும் போனான். மறுநாள் வாப்பாவைக் கண்டிக்குக் கூட்டிப்போய் எழுதவேண்டியதை எழுதிக்கொண்டார்கள். எனக்கும் ஒரு பங்கு இருப்பதாகச் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். அடுத்த விமானத்தில் இருவரும் பறந்துவிட்டார்கள். ஒரு வாரம் என்று போட்ட லீவில் பாதிகூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

7

நான் லீவு முடியும்வரை டீச்சர் வீட்டில்தான் தங்கினேன். கோபித்துக்கொண்டு போக எனக்கு வேறு வீடு இருக்கவில்லை. கலகெதர சாவி தம்பியோடு கனடா போய்விட்டது.

காலையில் வாப்பாவும் டீச்சரும் பிளேன்டீ குடித்துக்கொண்டே சண்டை பிடிப்பார்கள். சீனி போடக் கூடாது என்பார் டீச்சர், கொஞ்சம் போட்டால் என்ன என்பார் வாப்பா. குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கழற்றியிருந்தது. வாப்பா உள்ளே போனால் டீச்சர் வெளியே ஏதாவது வேலையை வைத்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரம் சத்தம் இல்லாவிட்டால், "என்னங்க?" என்பார். "ஈக்கிறேன்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். நான் கேட்டுக்கொண்டு கட்டிலில் கிடப்பேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. பெற்ற வாப்பாவுக்கு ஓர் ஆள் கிடைத்ததைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று என்னையே பார்க்க அருவருப்பாகவும் இருந்தது.

டீச்சரை என்னவென்று கூப்பிடுவது என்று முதல் நாள் தவித்தேன். வாயில் தானாக வந்தது 'சாச்சி' தான். உம்மாவின் தங்கையையும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் அதற்கு மகிழ்ந்ததாகவும் தெரியவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "தேங்கா துருவத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுத் துருவினேன், கையை வெட்டிக்கொண்டேன்.

நான் திரும்பும் நாள் வந்தது. எங்கள் ஊரில் வெளிநாடு போகிறவரை அனுப்ப வேன் நிறைய ஆள் ஏறி விமான நிலையம்வரை போவது வழக்கம். உம்மா இருந்த காலத்தில் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்காரரும் வருவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, நாம் மறையும்வரை கைகாட்டுவார்கள்.

அன்று காலை வாப்பா உடுத்திக்கொண்டு முன்னறைக்கு வந்தார். எனக்காகத்தான் என்று நினைத்தேன்.

"மகள், எங்களுக்கு இண்டைக்குத் தெல்தோட்டைல ஒரு கலியாண வூடு. சாச்சிட படிச்ச புள்ள, போகாட்டிச் சரில்ல. பஸ்ஸுக்கு இப்பவே எறங்கணும். ஒங்கட வேன் வர இன்னும் நேரம் ஈக்கே?"

"பரவால்ல வாப்பா. நீங்க போங்க."

"கதவ இழுத்துச் சாத்திட்டுப் போங்க."

ஸலாம் சொன்னார். என் தலையில் கைவைத்து ஓதினார். டீச்சர் என் கையில் ஒரு பார்சல் தந்தார், "வழில சாப்புடுங்க" என்றார். இருவரும் சரிவில் இறங்கினார்கள். வாப்பா ஊன்றுகோலை ஒரு கையிலும் டீச்சரின் முழங்கையை மறு கையிலும் பிடித்திருந்தார். ஏதோ பேசிக்கொண்டே போனார்கள். வளைவில் திரும்பும்போது வாப்பா என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன். பேச்சு சுவாரசியத்தில் பார்க்கவில்லை. எங்கள் குடும்பத்தில் இத்தனை வருடமாக நாங்கள்தான் போவோம், அவர் நிற்பார். முதல் தடவையாக அவர் போனார், நான் நின்றேன்.

வேனுக்குக் காத்திருக்கையில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி மூடிய கோப்பை ஒன்றோடு வந்தாள். சின்ன வயது, இடுப்பில் குழந்தை.

"டீச்சர் இல்லயா?"

"கலியாண வூட்டுக்குப் போய்ட்டாங்க."

"நீங்க ஆரு?"

"டீச்சர் முடிச்சவர்ட மகள்."

அவள் என்னையும், வாசலில் நின்ற பெரிய பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவருக்குப் புள்ள ஈக்கா?" என்றாள். "ஒத்தரும் இல்லாத மனிசன், விழுந்தாத் தூக்க ஆள் இல்ல எண்டு செல்லித்தானே டீச்சரக் கேட்டு வந்தாங்க?"

அப்படிச் சொன்னது வாப்பாவா, வேறு யாராவதா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கீழே வேன் ஹோர்ன் அடித்தது.

"மூணு பேர் ஈக்கிறோம்" என்றேன்.

அவள் மரியாதைக்குத் தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.